நோட்டீஸின் கடைசி வரி

ஆம்பூர்
12-6-1927

மாமா அவர்களுக்கு அமிர்தவள்ளி எழுதிக்கொண்டது. நானும் அத்தையும் குழந்தை சம்பூர்ணமும் சுகம். தங்கள் சுகத்துக்கு உடனே பதில் போடவும்.

அத்தைக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. நீங்கள் போகும்போது தவழ்ந்துகொண்டிருந்த சம்பூர்ணம் இப்போது தெருவில் ஆட்டுக்குட்டிகளைத் துரத்திக்கொண்டு ஓடுகிறாள். ஒன்றரை வருஷம் ஆகிறதல்லவா, பிள்ளை என்ன உட்கார்ந்துகொண்டா இருக்கும்?

குடியாத்தத்தில் நாடகக் கம்பெனிக்குத் திரை இழுக்கப் போனீர்கள். அந்தக் கம்பெனி கலைந்து சேலத்தில் பெரிய கம்பெனியில் சேர்ந்தேன், இப்போது மிருதங்கம் வாசிக்கிறேன் என்கிறீர்கள். என் அப்பா தோல் வார் போட்டு இழுத்துக் கட்டிய மிருதங்கங்களை நாதம் பார்க்கிறேன் என்று தட்டித் தட்டியே கற்றுக்கொண்டவர் நீங்கள். அதனால் நான் நம்புகிறேன். எங்கள் தோல் ஷெட்டில் கூட வேலை செய்கிறவர்கள் யாரும் நம்பவில்லை. மஹ்பூபி அக்கா மட்டும், "அவன் கெட்டிக்காரன்டி, எதையாவது தட்டிக்கிட்டேதான் இருப்பான்" என்றாள்.

ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. கடிதத்தை உங்கள் பெயருக்குப் போடாமல் கம்பெனியில் காஸ்லைட் ஏற்றும் கவுஸ் பாஷா அண்ணன் பெயருக்கே போடச் சொல்கிறீர்கள். என் புருஷனுக்கு நான் எழுத இன்னொரு ஆளின் பெயர் எதற்கு? மிருதங்கத்தில் உட்கார்ந்ததும் எங்களை அழைத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனீர்கள். உட்கார்ந்தாகிவிட்டது. எப்போது வருகிறீர்கள்?

இப்படிக்கு,
அமிர்தவள்ளி


கரூர்
29-6-1927

அன்புள்ள அமிர்தத்துக்கு ஆசீர்வாதம். நான் சுகம். அம்மாவின் காலுக்கு எண்ணெய் தடவுவதை நிறுத்தாதே.

கம்பெனி ஊர் ஊராகப் போகிறது. மானேஜர் கைக்குப் போகிற தபால் பாதி தொலைந்துவிடும். கவுஸ் பாஷா நம் ஊர்க்காரன், பத்திரமாகக் கொடுப்பான். அதற்காகத்தான். வேறொன்றும் இல்லை.

இங்கே என் வேலை என்னவென்று கேட்டால் சிரிப்பாய். ராஜபார்ட்காரர் பாட்டை நீட்டினால் நானும் நீட்ட வேண்டும். அவர் வரியை மறந்து நின்றால், நினைவு வரும்வரை நாலு தட்டு கூடப் போட்டு அவரைக் காப்பாற்ற வேண்டும். கைதட்டல் அவருக்குப் போகும். ஆனால் திரைக்குள் போகும்போது என்னைப் பார்த்துக் கண் சிமிட்டிவிட்டுப் போவார். அந்த ஒரு சிமிட்டலுக்காக ரயிலில் மூன்றாம் வகுப்பில் மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம் அமிர்தம். ஆர்மோனியம் ராமமூர்த்தி பெரிய வித்வான். எனக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறார்.

நாடக நோட்டீஸ் ஒன்று வைத்திருக்கிறேன், அம்மாவிடம் காட்டு. உன் அப்பாவிடம் சொல்லி நல்ல எருமைத்தோல் வார் ஒரு கட்டு பார்சல் போடு. அதையும் பாஷா பெயருக்கே போடு. அழைத்துப்போகிற விஷயம் ஒரு நிலையான முகாம் கிடைத்ததும் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ரத்தினசாமி


ஆம்பூர்
10-7-1927

மாமா அவர்களுக்கு அமிர்தவள்ளி எழுதிக்கொண்டது. எல்லோரும் சுகம். வார்க் கட்டு அனுப்பியிருக்கிறேன். அப்பா கணியம்பாடியிலிருந்து தானே வந்து தேர்ந்து கொடுத்தார். "மாப்பிள்ளைய நான் கேட்டன்னு சொல்லு" என்றார்.

நோட்டீஸ் வந்தது. மஞ்சள் காகிதம், மேலே மயில் படம், ராஜபார்ட் பெயர், ஸ்திரீபார்ட் பெயர், பபூன் பெயர் எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே இருக்க வேண்டிய காகிதத்தைக் காணோம். தபாலில் கசங்கிக் கிழிந்தால் நார் நாராகத் தெரியும். இது மடித்து நகத்தால் கீறிக் கிழித்தது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புப் படித்தவள், பத்து வருஷம் தோல் பார்த்தவள். எது தானாகப் போனது, எது ஆள் கை பட்டுப் போனது என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் கேளுங்கள். எங்கள் மேஸ்திரி ஜியாவுல்லா பச்சைத்தோல் வாங்கக் கரூர் வந்திருந்தார். கொட்டகை வாசலில் நின்று, "ஆம்பூர் ரத்தினசாமியப் பாக்கணும்" என்று கேட்டாராம். "அப்பிடி யாரும் இங்க இல்லியே" என்றார்களாம். ஷெட்டில் பத்துப் பேர் எதிரில் அதைச் சொன்னார். சுண்ணாம்புக் குழிப் பக்கம் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

நீங்கள் அங்கே இருக்கிறீர்களா, இல்லையா?

அமிர்தவள்ளி


கும்பகோணம்
14-8-1927

அமிர்தத்துக்கு ஆசீர்வாதம். சுகம்.

மேஸ்திரி சொன்னதற்கெல்லாம் பதில் எழுதிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. வாசலில் டிக்கெட் கிழிக்கிறவனுக்கு யார் பெயர் தெரியும்? நோட்டீஸ் கிழிந்திருந்தால் கிழிந்துதான் இருக்கும். புருஷனைப் போலீஸ்காரன் மாதிரி விசாரிக்காதே.

நல்ல சேதி ஒன்று சொல்கிறேன். போன சனிக்கிழமை ஆட்டம் தொடங்க அரை நாழிகைதான் இருந்தது. மிருதங்கத்தில் இரண்டு வார் பட்டென்று அறுந்துவிட்டது. வார் போடுகிற ஆள் எங்கேயோ கல்யாணத்துக்குப் போய்விட்டான். மானேஜர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் சும்மா இருப்பேனா? நீ அனுப்பின வாரை நனைத்து, ஒரு முனையைப் பல்லில் கடித்து, காலை உதைத்து இழுத்துக் கட்டினேன். உன் அப்பா இழுக்கிற மாதிரியே. ஆட்டம் நடந்தது. நாதம் பிரமாதம் என்று எல்லோரும் சொன்னார்கள். ராமமூர்த்தி மட்டும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மீனாம்பாள் கை ரசம் இருந்தால் வேறொன்றும் வேண்டாம். குழந்தைக்கு முத்தம்.

ரத்தினசாமி


ஆம்பூர்
22-8-1927

மாமா அவர்களுக்கு.

நாங்கள் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்க வேண்டியதில்லை, ரசமே சொல்கிறது.

மீனாம்பாள் யார்?

அமிர்தவள்ளி


மாயவரம்
3-10-1927

தங்கச்சி அமிர்தவள்ளிக்கு கவுஸ் பாஷா சலாம். நான் சுகம். அங்கே அம்மா, குழந்தை சுகமா?

உன் மூன்று லெட்டரும் வந்தது, கொடுத்துவிட்டேன். ரத்தினம் பதில் எழுதவில்லை என்று கோபப்படாதே. எழுத முடியாத நிலைமை. இங்கே ஒரே பேஜார். ராமமூர்த்தி எந்நேரமும் அவனை நோட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறார். பாஷா பேருக்கு இத்தனை லெட்டர் எதுக்கு வருது என்று என்னையும் கேட்டார். கொஞ்ச நாள் லெட்டர் போட வேண்டாம்.

நீ நினைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. அல்லா சத்தியம். அதற்கு மேல் நான் சொல்லக் கூடாது.

கவுஸ் பாஷா


ஆம்பூர்
19-12-1927

மாமா அவர்களுக்கு அமிர்தவள்ளி எழுதிக்கொண்டது. அத்தைக்குத் திரும்பவும் கால் வீக்கம். குழந்தை சுகம். நான் எப்படி இருந்தால் என்ன?

பாஷா அண்ணன் எழுத வேண்டாம் என்றார், இரண்டு மாதத்துக்கு மேல் எழுதாமல் இருந்தேன். நான் நினைக்கிற மாதிரி ஒன்றும் இல்லையாம். நான் என்ன நினைக்கிறேன் என்று அவருக்கு யார் சொன்னது? நீங்கள் சொல்லிச் சிரித்தீர்களா?

நேற்று சந்தையில் புளி வாங்கப் போனேன். கடைச் சுவரில் மஞ்சள் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மேலே அதே மயில். தை மாதம் வேலூரில் முகாம், பத்து நாடகம். ஆம்பூரில் யாரும் அடியைக் கிழிக்கவில்லை. கடைசி வரி வரைக்கும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஆர்மோனியம் ராமமூர்த்தி. மிருதங்கம் செங்கல்பட்டு ரத்தின முதலியார்.

புளியை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எனக்கு இரண்டு எண்ணம் வருகிறது. ஒன்று, நீங்கள் அந்தக் கம்பெனியில் இல்லவே இல்லை, எங்கேயோ மீனாம்பாளோடு குடித்தனம் நடத்துகிறீர்கள். இன்னொன்றை எழுத என் கை வரவில்லை. எதுவானாலும் வேலூர் எட்டி நடந்தால் அப்பா வீட்டிலிருந்து ஒரு பொழுது. நான் வந்து பார்க்கப் போகிறேன்.

அமிர்தவள்ளி


திருவண்ணாமலை
27-12-1927

அன்புள்ள அமிர்தத்துக்கு.

வராதே. உன் காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள்.

நீ எழுதாமல் விட்டதுதான் உண்மை. சேலத்தில் மிருதங்கக்காரர் காய்ச்சலில் விழுந்தபோது பாஷா என்னைப் பிடித்து உட்கார வைத்தான். ஆட்டம் முடிந்ததும் மானேஜர் வந்து, "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டார். என்னை ஒருவர் நீங்கள் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "செங்கல்பட்டுப் பக்கம் முதலியார்தானே, கையே சொல்லுதே" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. நான் செய்தது அவ்வளவுதான். சேரி ரத்தினசாமி என்றால் ராமமூர்த்தி பக்கத்தில் உட்கார விடுவார்களா? திரை இழுக்கத்தான் விடுவார்கள்.

கும்பகோணத்தில் எனக்குப் புத்தி கெட்டுப்போயிற்று. எருமைத்தோலை வாயில் வைக்கிற முதலியாரை உலகத்தில் யாராவது பார்த்ததுண்டா? நமக்கு அது கை வேலை, யோசிக்காமல் செய்துவிட்டேன். அன்று முதல் ராமமூர்த்தி என் தண்ணீர்ச் செம்பைத் தனியாக வைக்கிறார். தாத்தா பெயர் கேட்கிறார், கோத்திரம் கேட்கிறார். வேலூரில் எந்தத் திருப்பத்தில் தெரிந்த முகம் வருமோ என்று மீசையை எடுத்துவிட்டுத் தலைப்பாகை கட்டியிருக்கிறேன்.

இந்த முகாம் ஒன்று தாண்டட்டும். அதற்குப் பிறகு நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன்.

ரத்தினசாமி


ஆம்பூர்
23-1-1928

செங்கல்பட்டு ரத்தின முதலியார் அவர்கள் சமூகத்துக்கு, ஆம்பூர் அமிர்தவள்ளி எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். தாங்கள் சௌக்கியமாக இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டதால் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தைக் கவுஸ் பாஷா பெயருக்குப் போடவில்லை. நோட்டீஸில் உள்ள பெயருக்கே, கம்பெனி விலாசத்துக்கே போட்டிருக்கிறேன்.

நான் வரக்கூடாது என்றுதான் இருந்தேன். பொங்கலுக்குப் பிள்ளையோடு கணியம்பாடி போயிருந்தேன். நாலாம் நாள் காலையில் கம்பெனி ஆள் வந்து, "மிருதங்கத்துல வார் போயிடுச்சு, ஆர்மோனியக்காரர் கையோட கூட்டியாரச் சொன்னாரு" என்று அப்பாவை அழைத்தான். வேலூர் சுற்றுவட்டாரத்தில் வார் போட என் அப்பாவை விட்டால் யார்? அவருக்குக் கண் சரியில்லை, துணைக்கு நான் போக வேண்டியதாயிற்று. குழந்தையை எங்கே விடுவது?

கொட்டகைப் பின்கட்டு முற்றத்தில் எங்களை நிறுத்தினார்கள். நீங்கள் மேடையில் நாற்காலியில் இருந்தீர்கள். தலைப்பாகை நன்றாகத்தான் இருந்தது. மிருதங்கத்தைத் தரையில் உருட்டிவிட்டார்கள். அந்த வாரை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். அது அறுந்தது இல்லை, அறுத்தது. கத்தி பட்ட இடம் வழவழவென்று இருந்தது. நீங்கள் திரும்பவும் பல்லில் கடிக்கிறீர்களா என்று பார்க்கத்தான் உங்கள் வித்வான் அறுத்திருக்கிறார். நீங்கள் தொடவில்லை, அதனால் ஆள் அனுப்பி எங்களை வரவழைத்திருக்கிறார்.

அப்பா வாரை வாயில் கடித்து இழுத்தார். ராமமூர்த்தி அதைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், "பெரியவரே, இவர முன்னாடி எங்கயாவது பாத்திருக்கியா?" என்று கேட்டார். அப்பா நிமிர்ந்தார். கண் சரியில்லாதவர்தான், ஆனால் பெண்ணைக் கொடுத்த மாப்பிள்ளையைத் தெரியாத குருடர் இல்லை. "பெரிய எடத்து ஆளுங்க சாமி. நமக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்.

எனக்குக் குழந்தையை நினைத்துத்தான் பயம். அப்பா என்று ஓடிவிட்டால் உங்கள் சோறு போய்விடுமே என்று அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் உங்களை நன்றாகப் பார்த்தாள். "யாரும்மா அவுரு? இன்னாத்துக்கு நம்ம தாத்தாவையே பாக்குறாரு?" என்றாள். அவ்வளவு பயப்பட வேண்டியிருக்கவில்லை.

நரைத்த தலையோடு ஒரு அம்மாள் வந்து குழந்தைக்கு ஒரு உருண்டை சோறு போட்டார்கள். அவர்கள் ராமமூர்த்தியின் விதவை அக்காள் என்றும் மீனாம்பாள் என்றும் கம்பெனி ஆள் சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து மாதமாக அந்தக் கிழவியையா நான் சாபமிட்டுக்கொண்டிருந்தேன்?

வேலை முடிந்ததும் வார் போட்டவருக்கு மிருதங்க வித்வான் தன் கையால் வெற்றிலை பாக்கும் வேட்டியும் தட்டில் வைத்துக் கொடுப்பது வழக்கம். நீங்கள் எழுந்து வந்தீர்கள். ராமமூர்த்தி பார்த்துக்கொண்டிருந்தார். தட்டைத் தரையில் வைத்து, இரண்டடி பின்னால் நகர்ந்தீர்கள். அப்பா குனிந்து எடுத்துக்கொண்டார். சோதனையில் தேறிவிட்டீர்கள்.

திரும்பி வரும்போது அப்பா அந்த வேட்டியை வழியில் ஒரு பிச்சைக்காரனுக்குக் கொடுத்தார். ஊர் எல்லையில், "நாதம் நல்லாத்தான் வெச்சிருக்கான்" என்றார்.

இன்னொரு பெண் என்றால் வந்து சண்டை போட்டிருப்பேன், முடியைப் பிடித்து இழுத்திருப்பேன். தரையில் வைத்த தட்டோடு நான் எப்படிச் சண்டை போடுவது? உங்கள் ரகசியத்தை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். ரத்தினசாமி எங்கே என்று கேட்கிறவர்களுக்கு மேஸ்திரி சொன்னதையே சொல்லிவிடுகிறேன், அப்படி யாரும் அங்கே இல்லை.

இப்படிக்கு,
வார் போடும் சின்னசாமி மகள்
அமிர்தவள்ளி


தங்கவயல்
30-5-1928

அமிர்தத்துக்கு.

நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். நாலு மாதம் எழுதவில்லை. எழுத முகம் இல்லை.

உன் கடைசிக் கடிதத்தை ராமமூர்த்திதான் கையில் கொண்டுவந்தார். ஆம்பூர் முத்திரையைப் பார்த்துவிட்டு, "பொம்பள எழுத்தா இருக்கே, யாரு?" என்றார். கம்பெனி முழுக்க சாப்பிட உட்கார்ந்திருந்தது. பிரித்துப் படித்தேன். தட்டைப் பற்றி எழுதியிருந்த இடத்துக்கு மேல் படிக்க முடியவில்லை. "என் சம்சாரம்" என்றேன். "செங்கல்பட்டுக்காரருக்கு ஆம்பூர்ல சம்சாரமா?" என்றார். "ஆம்பூர்தான். அன்னிக்குப் பின்கட்டுல வார் போட்டாரே, அவர் மகதான். அவர்தான் என் மாமனாரு. நானும் அந்த ஜனம்தான்" என்றேன்.

பிறகு நடந்ததை எழுத வேண்டாம். என் பெட்டியைத் தெருவில் எறிந்தார்கள். நான் உட்கார்ந்த பலகையைக் கழுவினார்கள். பாஷாவையும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். மீனாம்பாள் அம்மாள் வாசல் வரை வந்தார்கள், திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். "அந்தக் குழந்தைக்கு உன் காது. அன்னைக்கே பார்த்துட்டேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

நான் நேராக வந்தது கணியம்பாடிக்கு. உன் அப்பா வாசலில் தோல் காயவைத்துக்கொண்டிருந்தார். காலில் விழுந்தேன். அவர் வேலையை முடித்துவிட்டு உள்ளே போய் ஒரு பழைய மிருதங்கத்தைக் கொண்டுவந்தார். தரையில் வைக்கவில்லை, இரண்டு கைகளிலும் கொடுத்தார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன்.

இங்கே சுரங்கத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் நம் பக்கத்து ஜனங்கள்தான். அவர்களே ஒரு சபா வைத்திருக்கிறார்கள். ஆர்மோனியம் வாசிப்பவர் அணைக்கட்டு ஊர்க்காரர். கொட்டகை சின்னது, ராஜபார்ட்காரருக்கு வரி அடிக்கடி மறக்கிறது, எனக்கு வேலை ஜாஸ்தி. நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். அடியைப் பார்.

இருக்க ஓர் அறை பார்த்திருக்கிறேன். வா என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை.

ரத்தினசாமி


ஆம்பூர்
6-6-1928

மாமா அவர்களுக்கு அமிர்தவள்ளி எழுதிக்கொண்டது. அத்தை எழுந்து நடக்கிறார்கள். குழந்தை சுகம். நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

நோட்டீஸ் வந்தது. நாலு முனையும் தடவிப் பார்த்தேன், எங்கும் கிழிசல் இல்லை. கடைசி வரியில், மிருதங்கம் ஆம்பூர் ரத்தினசாமி, கணியம்பாடி சின்னசாமி மருமகன் என்று அச்சடித்திருக்கிறது. அத்தை அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "எம் பேர எதுக்குப் போட்டான், அவனுக்கு வேலை கம்மியாயிடப்போவுது" என்று முணுமுணுத்தார். ஆனால் மூன்று தடவை படிக்கச் சொன்னார்.

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. எனக்குக் காட்டுவதற்கென்று ஒரே ஒரு நோட்டீஸ் தனியாக அச்சடித்து அனுப்பியிருக்கலாம் அல்லவா? ஒரு தடவை நகத்தால் கீறிக் கிழித்தவர் நீங்கள். அது சுவரில் ஒட்டியிருப்பதை, நாலு பேர் நின்று படிப்பதை நான் பார்க்க வேண்டும். பார்த்தால் உங்கள் அறைக்கு வருவேன். பார்க்காவிட்டால் அடுத்த வண்டியில் திரும்பிவிடுவேன், மூட்டையை அவிழ்க்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் நானும் அத்தையும் குழந்தையும் வருகிறோம். ரயிலடிக்கு வாருங்கள். தலைப்பாகை வேண்டாம். சம்பூர்ணம் உங்களைப் பார்த்து, "யாரும்மா அவுரு?" என்று கேட்பாள். நான் வாயைத் திறக்க மாட்டேன். அத்தனை ஜனங்களுக்கு நடுவில், எல்லோர் காதிலும் விழும்படி நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அமிர்தவள்ளி